கீஸ் அண்ணையின் கை

ஆக்லாந்தில் இறங்கி நாங்கள் முதலில் செய்த காரியம், வீதியின் பிழையான பக்கத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்ததுதான். கீஸ் பிழைவிட்டால் மன்னிக்கலாம். அவன் ஒல்லாந்தன். வாகனம் வலப்பக்கமாய் ஓடுகிற நாட்டில் பிறந்து வளர்ந்தவன். நான் யாழ்ப்பாணத்து வீதிகளில் இடப்பக்கமாய்ச் சைக்கிள் ஓடி வளர்ந்தவன், எனக்கு என்ன வந்தது? நெதர்லாந்தில் இத்தனை வருசம் இருந்ததில் மூளையும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக்கும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"சிவா, அது எங்கட நம்பர்தானே?" என்றான் கீஸ்.

"ஓம், எங்கடதான்."

"அப்ப ஏன் நாங்கள் இங்க நிக்கிறம்?"

மழைக்குள் வீதியைக் கடந்துபோய் அந்தப் பக்கம் நின்றோம். அடுத்த பஸ் எங்களைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் போனது. கையை நீட்டி மறித்தால்தான் நிற்குமாம், பக்கத்தில் நின்ற ஒரு மாணவி பாவப்பட்டுச் சொன்னாள். அதற்கடுத்த பஸ்ஸுக்குக் கீஸ் தன் நெடுங்கையை வீதிக்குக் குறுக்கே நீட்டி மறித்தான். இறங்கும்போது சனம் சாரதிக்கு நன்றி சொல்லிக்கொண்டு இறங்குவதைக் கண்டு அவனுக்குப் புளுகமும் சந்தோசமும் தாங்கவில்லை. தானும் பெரிய குரலில் நன்றி சொன்னான். ஒல்லாந்தில் சாரதிக்கு இப்படிக் கத்தி நன்றி சொன்னால், குடித்திருக்கிறாய் என்றுதான் நினைப்பார்கள்.

கீஸ் யாரென்று சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. டார்ட்ஸ் விளையாட்டை எங்கள் ஆட்கள் பலர் கண்டிருக்கமாட்டார்கள். சுவரில் ஒரு வட்டப் பலகை, அதில் கட்டம் கட்டமாய் இலக்கங்கள். தள்ளிக் கீறிய ஒரு கோட்டில் நின்று கையளவு அம்புகள் மூன்றை எறிய வேண்டும். ஐந்நூற்றியொன்றில் தொடங்கி, விழுந்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாய்ப் பூச்சியத்தில் முடிக்க வேண்டும். முடிக்கிற அம்பு, இலக்கத்தை இரட்டிப்பாக்குகிற, விளிம்பில் ஓடுகிற ஒடுங்கிய வளையத்துக்குள் குத்த வேண்டும், அதுதான் கஷ்டம். குடிக்கிற கடையில் பொழுது போகாதவன் விளையாடுகிற விளையாட்டு என்று நானும் ஒருகாலம் நக்கலடித்தவன்தான். ஆனால் ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் இதற்கு மண்டபம் கொள்ளாத சனம் வரும். பாட்டும் கூத்துமாய், எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா மாதிரி இரையும்.

நான் அகதியாய்ப் போய் இறங்கிய சின்ன ஊரில் கீஸின் தகப்பன் ஒரு கோப்பிக்கடை வைத்திருந்தார். அந்தக் குசினியில் எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. கீஸ் பகலில் வீடு வீடாய்த் தபால் போடுவான், பின்னேரம் கடைச் சுவரில் அம்பு எறிவான். ஒல்லாந்து மொழியில் நான் இலக்கம் பிடித்ததே அவன் புள்ளி கழிப்பதைக் கேட்டுத்தான். ஊரில் வென்றான், மாகாணத்தில் வென்றான், தபால் பையைக் கழற்றி வைத்துவிட்டு இங்கிலாந்து மண்டபங்களுக்குப் போனான். நெடுந்தூரம் கார் ஓட அவனுக்குப் பயம். ஆகவே நான் ஓடினேன். அப்படியே சாரதியாகி, பெட்டி தூக்குகிறவனாகி, கடைசியில் அவனுடைய எல்லாமுமாகி நிற்கிறேன். ஆக்லாந்தில் இருக்கும் என் தங்கச்சி வதனி தன் ஆட்களுக்கெல்லாம் என்னை மனேச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

ஒருமுறை உலகக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வரைக்கும் போனான். முப்பத்திரண்டு புள்ளி மிச்சம். பதினாறின் வளையத்துக்குள் ஒரே ஒரு அம்பு விழுந்தால் கிண்ணம் அவனுக்கு. கையில் மூன்று அம்பு. முதலாவது கம்பிக்கு வெளியே மயிரிழையில் போனது. இரண்டாவதும் அதே இடம். மூன்றாவது வளையத்தைத் தாண்டி உள்ளே வெறும் பதினாறில் குத்தியது. அடுத்ததாக வந்த எதிராளி அலுங்காமல் முடித்துவிட்டுப் போனான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. கீஸ் அழவில்லை. எதிராளியைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான். அதற்குப் பிறகும் கனகாலம் நல்லாய்த்தான் விளையாடினான்.

கை பிறகுதான் பிழைத்தது. இந்த வருத்தத்துக்கு டார்ட்ஸ்காரரிடம் ஒரு பெயர் இருக்கிறது, டார்டைட்டிஸ் என்பார்கள். கையை உயர்த்துவான், குறி பார்ப்பான், விடு என்று மூளை சொல்லும், விரல் விடாது. அம்பு விரலோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். நரம்பில் குறையில்லை, எலும்பில் குறையில்லை, காட்டாத டொக்டர் இல்லை. மாடிப்படியில் கடகடவென்று இறங்கி வருகிறவன், எந்தக் காலை அடுத்ததாக வைக்கிறது என்று ஒருக்கால் யோசித்துப் பார்த்தால் என்ன ஆகும்? அப்படித்தான்.

இரைச்சல் இருந்தால் மட்டும் கை ஓடும். சனம் கத்தி, பாடி, மேசையில் தட்டினால் அவனுக்கு யோசிக்க இடமில்லை, அம்பு தானாய்ப் போகும். அமைதி வந்தால் முடிந்தது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அவன், அவன் மனுசி அனெக்கா, நான்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் நியூசிலாந்துக்கு வந்தான். பழைய பெரிய ஆட்டக்காரர்களைச் சேர்த்து வருசம் முழுக்க ஊரூராய்ப் போட்டி நடத்துகிற ஒரு இங்கிலாந்துக்காரன், சனிக்கிழமை ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் மனுகாவில் உள்ள ஒரு கிளப்பில் கீஸ் விளையாடுவதைப் பார்க்க வருகிறான். கீஸின் ஆட்டம் குறைகிறது என்று அவனுக்கு ஏதோ கேள்வி. நேரில் பார்த்துவிட்டுச் சேர்ப்பதா விடுவதா என்று சொல்வானாம். அவன் இல்லையென்றால் கீஸுக்கு வேறு கதவு இல்லை. தபால் பையைத் திரும்பத் தூக்க முதுகு விடாது. அம்பு எறிவதைத் தவிர இந்த மனுசனுக்கு வேறொன்றும் தெரியாது.

முதல் நாள் நகர மையத்தில் ஏறி இறங்கியே கால் விட்டுப்போனது. இது என்ன நகரமோ, ஒரு வீதி கூடச் சமனாய் இல்லை. ஒல்லாந்தில் மேம்பாலம்தான் மலை. கீஸ் பாதி ஏற்றத்தில் ஒரு வங்கியின் வாசலில் குந்திவிட்டான். மூலைக்கடையை இங்கே டெய்ரி என்கிறார்கள். பால்கடையாக்கும் என்று நினைத்து நான் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசியில் ஒன்றுக்குள் நுழைந்து, இறைச்சியும் சீஸும் உள்ளே வைத்துச் சுட்ட, 'பை' என்கிற மாப்பண்டம் வாங்கி ஆளுக்கொன்று கடித்தோம். உள்ளே நெருப்புக் குழம்பு. இரண்டு பேருக்கும் நாக்கு வெந்துபோனது. எரிமலைக்கு மேல் கட்டின ஊரில் பையும் அப்படித்தானே இருக்கும் என்றான் கீஸ். நாக்கு வெந்தாலும் பகிடிக்குக் குறைவில்லை.

வியாழக்கிழமை பிளொக்ஹவுஸ் பே என்கிற பகுதியில் வதனி வீட்டுக்குப் போனோம். கலியாணம் கட்டி இங்கே வந்த பிறகு அவளை நான் நேரில் காணவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன அண்ணா இது, தலை முழுக்க வெளுத்துப் போச்சு. வீடியோவில இப்பிடித் தெரியேல்லையே!" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். பிறகு கீஸைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவையள்தானே யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டினவை? அப்ப எங்கட சனம் கல்லுச் சுமந்தது, இப்ப நீங்கள் பெட்டி சுமக்கிறியள். ஒண்டும் மாறேல்லை."

இதை நான் கீஸுக்கு மொழிபெயர்த்தேன். அவன் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டான். அந்த நிமிசத்திலிருந்து அவன் அவளுக்குக் கீஸ் அண்ணை.

வதனிக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை. மற்றவரின் முகத்தைப் பார்த்தே எங்கே நோகிறது என்று பிடித்துவிடுவாள். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன்குழம்பு, சம்பல் எல்லாம் வைத்திருந்தாள். கீஸ் கையாலேயே சாப்பிட்டான். இரண்டாம் முறை புட்டு வைக்கும்போது அவள் ஆங்கிலத்தில் நேரே கேட்டாள், சாப்பாட்டை விருப்பமாய்ச் சாப்பிடுகிறீர்கள், முகம் மட்டும் ஏன் செத்துப்போய் இருக்கிறது என்று.

இவன் சொல்லிவிட்டான்! நானும் அனெக்காவும் வாயைத் தைத்துக்கொண்டு காப்பாற்றின விசயத்தை, வாயில் புட்டை வைத்துக்கொண்டு, கை எப்படி நிற்கிறது, விரல் எப்படி ஒட்டுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னான். ஒல்லாந்தரிடம் நேரே கேட்டால் நேரே சொல்லிவிடுவார்கள், அது அவர்களின் பழக்கம். அமைதியாய் இருந்தால்தான் வருத்தம் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை, அதற்குள் வதனியின் கண் நிறைந்துவிட்டது.

"ஐயோ பாவம். அண்ணா, இது கண்ணூறு. வேறொண்டுமில்லை. உலகமெல்லாம் பாத்த கை, கண் படாம விடுமோ?"

அவளுடைய மகள் கைபேசியிலிருந்து தலையெடுக்காமலே ஆங்கிலத்தில், அம்மா, அதற்குப் பேர் பதற்றம் என்றாள். நீ பேசாமல் இரு என்றாள் தாய். கீஸைக் கதிரையில் இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, தலையைச் சுற்றி, துப்பச் சொன்னாள். அவன் பயபக்தியோடு துப்பினான். விறகடுப்பு இல்லாத வீட்டில் மிளகாயை எங்கே போடுவது? பொரிக்கிற சட்டியில் போட்டு மின்னடுப்பை முறுக்கிவிட்டாள்.

சொல்லி வேலையில்லை. ஒரு நிமிசத்தில் கூரையிலிருந்த புகை மணி அலறி வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது. நாங்கள் எல்லாரும் இருமி, தும்மி, முற்றத்துக்கு ஓடினோம். பக்கத்து வீட்டுத் தொங்கா நாட்டு மனிசன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நெருப்பா என்று கேட்டார். இல்லை, வைத்தியம் என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு வாளி பீஜோவாப் பழத்தை வேலிக்கு மேலால் தந்தார். இந்தப் பருவத்தில் எல்லார் முற்றத்திலும் கொட்டுண்கிறதாம், வாங்க ஆளில்லாமல் ஊர் முழுக்க ஒருவருக்கொருவர் வாளி வாளியாய்க் கொடுக்கிறார்கள். கொய்யாவும் அன்னாசியும் கலந்தது போல வாசம்.

வதனியின் புருசன் ரவி ஒரு வசனத்தைப் பாதிக்கு மேல் சொல்லமாட்டார். அன்றைக்கு முழுதாகச் சொன்னார். "கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடிக்காது எண்டுதானே சொல்லுறவை? இவ்வளவு இருமினால் கண்ணூறு இல்லை மச்சான்."

"அப்ப என்ன?" என்றேன்.

"அதுதான் தெரியேல்லை."

கீஸ் முற்றத்தில் குந்தியிருந்து, கண்ணால் நீர் ஓட ஓடப் பழத்தை வெட்டிக் கரண்டியால் தோண்டித் தின்றான். நல்லாய் இருக்கிறது என்றான். பழத்தைச் சொன்னானா, வேறெதையும் சொன்னானா தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு பப்பில் கீஸ் பழகிப் பார்த்தான். வாரக்கடைசியைப் பகலிலேயே தொடங்கிவிட்ட மாணவர் கூட்டம். ஒருத்தன் அவனை அடையாளம் கண்டு கத்த, முழுக் கடையும் கத்தியது. பெயரைச் சொல்லி மேசையில் குத்தினார்கள். கீஸ் கோட்டில் நின்றான். கை உயர்ந்தது, போனது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, மூன்றும் இருபதை மூன்று மடங்காக்குகிற ஒடுங்கிய கட்டத்துக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. நூற்றியெண்பது. அதற்கு மேல் மூன்று அம்பால் எடுக்க முடியாது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் முன்பின் தெரியாத ஒரு பொடியனைக் கட்டிப்பிடித்துத் துள்ளினேன்.

கீஸ் வெளியே வந்து அனெக்காவுக்குப் போன் எடுத்தான். அங்கே விடியவே இல்லை. "கை ஓடுது," என்று மட்டும் சொன்னான். பிறகு அவளை அழ விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு நாங்கள் லக்சா என்கிற மலேசிய நூடில்ஸ் சூப் குடித்தோம், இரண்டு கிண்ணம். கால் நோகிறது என்று புலம்பாமல் அத்தனை ஏற்றமும் ஏறினான். அடுத்த வருசம் எந்தெந்த ஊர், எந்த வாகனம், எந்த வீதி என்று என்னோடு திட்டம் போட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். அன்றைக்கு நான் அம்மாளாச்சியை மனதுக்குள் கும்பிட்டேன், சத்தியமாய்.

சனிக்கிழமை ரயில் ஓடவில்லை. தண்டவாள வேலையாம். வாரக்கடைசியில் இது இங்கே வழக்கம் என்று சனம் பொறுமையாய் மாற்று பஸ்ஸுக்கு வரிசையில் நின்றது. எங்கட ஊரென்றால் அந்தப் பஸ்ஸைக் கொளுத்தியிருப்பார்கள். இந்தமுறை சரியான பக்கத்தில்தான் நின்றோம், அது ஊரைச் சுற்றிச் சுற்றிப் பிந்திக்கொண்டு போனது. மனுகாவில் இறங்கிக் கிளப்புக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு ஏதோ பட்டது. சனம் நிறைந்து வழிகிறது, பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். பட்டுச் சேலை கட்டிய பெண்கள், கணினி வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பொடியள், குழந்தைப் பிள்ளைகள். வாசலில் சொசேஜ் சுட்டுப் பாணில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இறைச்சி தின்னாத மரக்கறிக்காரர் வெங்காயத்தை மட்டும் பாணில் மடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் கதைக்கவில்லை. கீஸைக் கண்டதும் இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றது. விலகி வழிவிட்டார்கள். ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டா.

பக்கத்தில் நின்ற மலேசியாக்காரர் ஒருவர் என் காதோடு, "கவலைப்படாதீங்க அண்ணே. நாங்க எல்லாரும் பிரார்த்தனை பண்ணிக்கிட்டுதான் இருக்கோம்," என்றார்.

"எதுக்கு?"

"கைக்குத்தான்."

கைபேசியைக் காட்டினார். கோயில் குழுவில் வதனி போட்ட செய்தி. நெதர்லாந்திலிருந்து வந்திருக்கும் கீஸ் அண்ணைக்குக் கையில் வருத்தம், அம்பை விட ஏலாமல் கிடக்கு, எல்லாரும் அவருக்காகக் கும்பிடுங்கோ, சனிக்கிழமை குடும்பத்தோடு வாங்கோ. எறியும்போது தயவுசெய்து ஒருவரும் சத்தம் போட வேண்டாம், அவர் மனதை ஒருநிலைப்படுத்த வேண்டும். கீழே அதையே ஆங்கிலத்திலும் போட்டிருந்தாள். அது கிளப்புக்காரர் வரைக்கும் போயிருந்தது.

வதனி கிளப்புக் குசினியில் ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். அங்கே போய் ஏசினேன்.

"விசரி! என்ன வேலையடி பாத்திருக்கிறாய்? சத்தம் இருந்தால்தான் அவன்ர கை ஓடும். அமைதி எண்டால் செத்தான்!"

அவள் கேத்தலைக் கீழே வைத்தாள். "அதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அண்ணா."

"இதை ஏன் ஊருக்குச் சொன்னனி?"

"வருத்தம் எண்டால் நாலு பேருக்குச் சொல்லிக் கும்பிடுறதுதானே எங்கட வழக்கம்? ஆசுப்பத்திரியில ஒருத்தர் கிடந்தால் சொல்லாம விடுறனாங்களே? மூடி வைச்சு நீங்கள் என்னத்தைக் கண்டியள்?"

வாதாட நேரமில்லை. உள்ளே ஒலிபெருக்கியில் கிளப்புத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிசன், குரலே உருகியது. எங்கள் விருந்தாளிக்குக் கையில் கொஞ்சம் சிரமம் என்று அறிகிறோம், அவருக்காக முழு அமைதி காப்போம் என்றார். பாருக்குப் பக்கத்தில் நின்ற இங்கிலாந்துக்காரன் பியர்க் கோப்பையை மெதுவாய் மேசையில் வைப்பதைக் கண்டேன்.

கீஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் எழுதமாட்டேன்.

எதிராளி மேரே என்ற மாவோரிப் பெண்மணி. கிளப்பின் சம்பியன், பாரந்தூக்கி ஓட்டுகிறவ, தோள் இரண்டும் அகலம். டக் டக் டக் என்று எறிந்துவிட்டு விலகினா. கீஸ் கோட்டுக்கு வந்தான். மண்டபத்தில் குளிர்பெட்டி உறுமுவது கேட்டது. கை உயர்ந்தது. நின்றது. பின்னுக்கு வந்தது. திரும்ப உயர்ந்தது. ஒருவழியாய் அம்பு போனது, பலகையில் எங்கோ குத்தியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "கீஸ்! கீஸ்! கீஸ்!" என்று கத்தினேன், மேசையில் குத்தினேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மா விரலை வாயில் வைத்து, "உஷ்ஷ்... என்ன தம்பி நீங்க, பாவம் அவர், பேசாம இருங்க," என்றா. இரண்டு பொடியள் வந்து அன்பாய் என் தோளைப் பிடித்து இருத்தினார்கள். அவன் இரைச்சலுக்காகச் சாகிறானடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் மெதுவாய்ச் சொல்லச் சொன்னார்கள். அத்தனை பேரின் கண்ணிலும் இரக்கம். யாரோடு சண்டை பிடிப்பது?

எப்படியோ இழுத்து இழுத்து, முடிக்கிற அம்பு வரைக்கும் வந்துவிட்டான். நாற்பது மிச்சம். இருபதின் வளையத்துக்குள் ஒன்று போதும். மேரேக்கும் கொஞ்சம்தான் மிச்சம். கீஸ் கையை உயர்த்தினான். நின்றான். கையை இறக்கினான், நெற்றியைத் துடைத்தான், திரும்ப உயர்த்தினான். ஒரு குழந்தை அழ, தாய் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினா, அதுவும் சத்தமில்லாமல். கீஸ் திரும்பத் திரும்ப உயர்த்தினான். பிறகு மூன்று அம்பையும் மேசையில் வைத்துவிட்டு மேரேயைப் பார்த்து, உங்கட முறை என்றான்.

"ஆறுதலாய் எறியுங்கோ, அவசரமில்லை," என்றா மேரே.

"இல்லை. உங்கட முறை."

மேரே அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தா. இரக்கப்பட்டு வேண்டுமென்றே பிழையாய் எறியப் போகிறாவோ என்று நான் பயந்தேன், அதைக் கீஸ் தாங்கமாட்டான். அவ அப்படிச் செய்யவில்லை. முதல் அம்பிலேயே வளையத்துக்குள் குத்தி முடித்தா. வந்து கையைக் குலுக்கி, தலையை மட்டும் அசைத்தா. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கீஸுக்கு உதவி செய்தது அந்த ஒரு மனுசிதான்.

இங்கிலாந்துக்காரன் வந்து கீஸின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான், பிறகு போய்விட்டான்.

"என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"இல்லை எண்டுட்டான். நல்ல மாதிரித்தான் சொன்னவன்."

"கீஸ், வதனி தெரியாமல்..."

"அவள் பொய் சொல்லேல்லையே, சிவா. கை வருத்தம்தானே." பிறகு, "இனி நான் எறியமாட்டன்," என்றான். சீ, அப்பிடிச் சொல்லாதை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வயதுக்கு நான் அழக்கூடாது, அழுதேன்.

அடுத்ததாக யாரும் வந்து எறிந்து பார்க்கலாம் என்று தலைவர் அறிவித்தார். அப்போது கீஸ் நேரே பலகைக்குப் பக்கத்தில் போய், புள்ளி எழுதுகிற பேனையைக் கேட்டான். இந்த விளையாட்டில் எந்த ஊர்க் கிளப்பிலும் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நின்று புள்ளி எழுத வேண்டும். ராசாவாய் இருந்தாலும் எழுத வேண்டும். தலைவர் பதறிப்போனார். ஐயோ, நீங்கள் எங்கள் விருந்தாளி, உங்களுக்கு அதெல்லாம் இல்லை என்றார்.

"என்ர அப்பாவின்ர கடையிலயும் இதுதான் சட்டம்," என்று கீஸ் பேனையை வாங்கிக்கொண்டான்.

வரிசையில் வந்து வந்து எறிந்தார்கள். கீஸ் பலகையோரம் நின்று புள்ளியைக் கூப்பிட்டு, மனக்கணக்கில் கழித்து, வெள்ளைப் பலகையில் எழுதினான். ஒரு பிழை இல்லை. அவனுக்காக மற்றவர்கள் கூப்பிட்ட இலக்கங்கள் எத்தனை!

குசினிக்குள்ளிருந்து வதனி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கீஸுக்கு முன்னால் போய் நின்று, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள், குரல் உடைந்து நின்றுவிட்டது. கீஸ் மேசையில் கிடந்த தன் அம்புகள் மூன்றையும் எடுத்து அவளிடம் கொடுத்து, எறி என்று கையைக் காட்டினான்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எறிந்தாள். முதலாவது சுவரில் பட்டு விழுந்தது. இரண்டாவது பலகைக்கே போகவில்லை. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் எறிந்தாள், அது போய் ஐந்தில் குத்திக்கொண்டு நின்றது. கீஸ் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். பெரிய மண்டபங்களில் அறிவிப்பாளர் நூற்றியெண்பதுக்கு மட்டும் கூப்பிடுகிற அந்தக் குரலை எடுத்து, நெஞ்சு நிறைய மூச்சுப் பிடித்து, இழுத்து இழுத்துக் கூப்பிட்டான்.

"ஃபை...வ்!"

ஒரு கணம்தான். பிறகு மண்டபம் வெடித்தது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சனம் கத்தியது. மேசையில் குத்தினார்கள், விசிலடித்தார்கள், மேரே கதிரையில் ஏறி நின்று கூவினா, என்னை உஷ் என்று அடக்கிய அம்மா கைதட்டித் துள்ளினா. கீஸ் அண்ணை, கீஸ் அண்ணை என்று பொடியள் பாட்டாய்ப் படித்தார்கள். கூரை பறக்கிற இரைச்சல். வதனி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கீஸின் கையில் பேனைதான் இருந்தது. இரைச்சல் அடங்கும் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு ஐந்நூற்றியொன்றிலிருந்து ஐந்தைக் கழித்து, நானூற்றித் தொண்ணூற்றியாறு என்று வடிவாய் எழுதிப்போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.